பயந்தவனிடம் வாங்குங்கள்

சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கம். ஆளை ஆள் இடிக்கும் சந்து. வாசல் வரைக்கும் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். நடுவில் பைக்கை ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் ஒருத்தர். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கலாம் என்று நினைத்து நீங்கள் ஒரு கடையில் ஏறுகிறீர்கள். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"பட்ஜெட் எவ்ளோ சார்?"

இதற்கு நம் நடுத்தர வர்க்கம் காலகாலமாகச் சொல்லிவரும் பதில் ஒன்றே ஒன்று. ரொம்ப சீப்பாவும் வேணாம், ரொம்ப காஸ்ட்லியாவும் வேணாம். நடுவாந்தரமா ஒண்ணு.

கடைக்காரர் இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து முன்னால் வைப்பார். ஒன்று இன்டெல். இன்னொன்று ஏ.எம்.டி. இரண்டின் பெயரிலும் 5 என்ற எண் இருக்கும். மூன்று என்றால் கீழ்த்தட்டு, ஏழும் ஒன்பதும் மேல்தட்டு, ஐந்து என்றால் நீங்களும் நானும். உள்ளே இருப்பது தீப்பெட்டி அளவுக்கு ஒரு சமாசாரம். இரண்டில் எதை எடுப்பது?

பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டால் ஒன்று சொல்வான். ஆபீஸில் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். கடைக்காரர், எதில் தனக்கு லாபம் அதிகமோ அதைச் சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் பி.காம். படித்தவன். ட்ரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். ஆனால் ஒரு விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தால், இதில் யார் யாரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ப்ராசஸரின் சரித்திரத்தை அந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு சரக்கு வைப்பது, என்ன விலை போடுவது என்று தீர்மானிப்பது விஞ்ஞானம் மட்டுமல்ல. பயம்!

கதையை முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

*

அறுபதுகளில் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்ட் என்றொரு செமிகண்டக்டர் கம்பெனி இருந்தது. அங்கே பெரிய பதவிகளில் இருந்த ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்ற இருவர் 1968-ம் வருடம் வெளியே வந்து இன்டெலை ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் மே மாதம், அதே ஃபேர்சைல்டிலிருந்து ஜெர்ரி சாண்டர்ஸ் என்பவர் ஏழு சகாக்களோடு வெளியேறி ஏ.எம்.டி.யைத் தொடங்கினார். நாய்ஸும் மூரும் விஞ்ஞானிகள். சாண்டர்ஸ், விற்பனையில் பேர் வாங்கியவர்.

ஒரே குடும்பத்திலிருந்து பிரிந்து, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கடை போட்ட பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆரம்பத்தில் சண்டை இல்லை. சொல்லப்போனால், இருவரையும் கையைப் பிடித்து ஒன்றாக உட்காரவைத்தது ஒரு மூன்றாவது ஆள். ஐ.பி.எம்.

1981 ஆகஸ்ட் 12-ம் தேதி ஐ.பி.எம். தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் மூளை இன்டெலின் 8088. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்றைய ப்ராசஸர்களின் வேகத்தோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். அன்றைக்கு அது பெரிய விஷயம்.

ஐ.பி.எம்.முக்கு ஒரு கறாரான கொள்கை உண்டு. முக்கியமான எந்த உதிரி பாகத்தையும் ஒரே ஒரு சப்ளையரை நம்பி வாங்காது. கல்யாண வீட்டில் பாலுக்கு இரண்டு பேரிடம் சொல்லிவைப்பார்கள் இல்லையா? ஒருத்தர் கவிழ்த்தாலும் காபி நிற்கக்கூடாது. அதே கதை. உன் சிப்பை இன்னொருத்தரும் தயாரிக்க வேண்டும், அப்போதுதான் வாங்குவேன் என்றது. இன்டெலுக்கு வேறு வழியில்லை. 1982-ல் ஏ.எம்.டி.யுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்டெலின் டிசைனை ஏ.எம்.டி.யும் தயாரித்து விற்கலாம்.

நீங்கள் இன்றைக்குக் கடையில் இரண்டு பெட்டிகளைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதற்கு மூலகாரணம் இந்தக் கையெழுத்துதான். ஐ.பி.எம். மட்டும் அன்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் கடைக்காரர் ஒரே ஒரு பெட்டியைத்தான் எடுத்துவைத்திருப்பார். பட்ஜெட் எவ்வளவு என்றும் கேட்டிருக்க மாட்டார். விலை இவ்ளோ என்று சொல்லியிருப்பார். அவ்ளோதான்.

*

286 காலம் வரை ஒப்பந்தம் ஓடியது. அதிலும் ஒரு சங்கடம். இன்டெலின் 286 அதிகபட்சம் 12.5 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிட, நகலெடுக்கிறவர் என்று நினைத்த ஏ.எம்.டி. அதையே 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியது. கற்றுக்கொடுத்த வாத்தியாரைவிடப் பையன் வேகமாக எழுதினால் வாத்தியாருக்கு எப்படி இருக்கும்?

1985. மெமரி சிப் வியாபாரத்தில் ஜப்பானியர்களிடம் அடி வாங்கி, அந்தத் தொழிலையே விட்டு இன்டெல் வெளியேறிக்கொண்டிருந்த வருடம். கையில் மிச்சமிருந்த ஒரே தங்க முட்டை ப்ராசஸர்தான். அதையும் பங்கு போட வேண்டுமா? அந்த வருடம் அக்டோபரில் வெளிவந்த 386 சிப்பின் டிசைனை ஏ.எம்.டி.க்குத் தர முடியாது என்று இன்டெல் சொல்லிவிட்டது.

விவகாரம் மத்தியஸ்தரிடம் போனது. நம் ஊர் சிவில் வழக்கு தோற்றது போங்கள். 1987-ல் ஆரம்பித்து, 1992-ல் ஏ.எம்.டி.க்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, அதன்பிறகும் அப்பீல், மறு அப்பீல் என்று இழுத்து, 1994-ன் கடைசியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகுதான் ஓய்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஏ.எம்.டி. சும்மா இருக்கவில்லை. இன்டெலின் 386-ஐ வெளியிலிருந்து பார்த்துப் பார்த்துத் தானே ஒன்றைச் செய்து, 1991 மார்ச்சில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்டெலின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ். ஏ.எம்.டி.யுடையது 40. விலையும் குறைவு!

ஐந்து வருடத்துக்கு மேல் ஏறக்குறைய தனிக்காட்டு ராஜாவாக இருந்த இன்டெலுக்கு முதல் முறையாக வியர்த்தது. வியர்த்தால் என்ன செய்வார்கள்? அடுத்த மாதமே, 1991 ஏப்ரலில், விலை குறைந்த ஒரு 486-ஐ இறக்கினார்கள். 486எஸ்எக்ஸ் என்று பெயர்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நடுவாந்தரம் என்கிற சமாசாரத்தின் ரகசியமே இதில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே 1989-ல் வந்த அசல் 486-க்குள் தசமக் கணக்குகளை அதிவேகமாகப் போடுவதற்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு. புதிய எஸ்எக்ஸில் அது கிடையாது. கிடையாது என்றால் நிஜமாகவே கிடையாதா? ஆரம்பகால எஸ்எக்ஸ் சிப்களுக்குள் அந்தப் பகுதி பத்திரமாக இருந்தது. வேலை செய்யாதபடி முடக்கிவைத்திருந்தார்கள்! செய்கிற செலவு கிட்டத்தட்ட அதேதான். விலை மட்டும் வேறு.

இன்னும் வேடிக்கை பாக்கி இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்குப் பகுதி பிறகு வேண்டும் என்கிறவர்களுக்காக 487எஸ்எக்ஸ் என்ற துணைச் சிப் ஒன்றை விற்றார்கள். மதர்போர்டில் அதற்கென்று உள்ள இடத்தில் செருக வேண்டும். செருகினால் என்ன ஆகும் தெரியுமா? பழைய சிப் மொத்தமாகத் தூங்கப் போய்விடும். ஏனென்றால் துணைச் சிப் என்று விற்கப்பட்டது உண்மையில் முழுசான ஒரு 486. வேலைக்குத் துணை ஆள் என்று அனுப்பி, வந்தவரே முதலாளி ஆன கதை.

*

இதில் மோசடி ஏதும் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. காமர்ஸ் மாணவர்களுக்கு முதல் வருடமே தெரிந்துவிடுகிற வித்தை இது. ஒரே சினிமாவுக்குப் பால்கனி டிக்கெட் ஒரு விலை, முன் பெஞ்ச் ஒரு விலை.

ப்ராசஸரில் இதற்கு நியாயமான ஒரு காரணமும் உண்டு. தட்டு மாதிரி ஒரு சிலிக்கான் வில்லையில் நூற்றுக்கணக்கான சிப்களை ஒரே சமயத்தில் அச்சடிக்கிறார்கள். எல்லாமே ஒரே தரத்தில் வருவதில்லை. சில, அதிக வேகத்தில் ஓடும். சில திணறும். சிலவற்றில் ஒரு மூலை பழுதாகியிருக்கும். பழுதான மூலையை முடக்கிவிட்டு மிச்சத்தைக் குறைந்த விலையில் விற்பது புத்திசாலித்தனம். தூக்கியா போட முடியும்?

திருப்பூர் பனியனை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் என்று பாதி விலைக்கு வாங்கி வருகிறோம். விளக்கைப் போட்டு, தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் சில சமயம் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ப்ராசஸரிலும் அப்படித்தான். தொழிற்சாலை பழகப் பழகப் பழுது குறைந்துவிடும். ஆனால் நடுவாந்தரம் கேட்டு நிற்கும் கூட்டம் குறையாதே? அப்போது நல்ல சிப்பையே எடுத்து, ஒரு பகுதியை முடக்கி, குறைந்த விலைச் சீட்டை ஒட்டுவார்கள்.

எவ்வளவு முடக்குவது? அதுதான் கேள்வி. எதிராளி பலசாலியாக இருந்தால் கொஞ்சமாக முடக்குவார்கள். எதிராளி படுத்துவிட்டால் தாராளமாக முடக்குவார்கள்.

இதற்கு நேர் எதிரெதிரான இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன்.

*

முதல் உதாரணம், 1998. அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் குறைவான கம்ப்யூட்டர்கள் வந்து சக்கைப்போடு போட ஆரம்பித்திருந்த நேரம். அவற்றில் பலவற்றுக்குள்ளே இருந்தது ஏ.எம்.டி.யின் கே6. இதன் பின்னணியில் ஒரு சுவாரசியமான மனிதர் உண்டு. புனேயில் பிறந்த வினோத் தாம். இன்டெலில் பெண்டியம் சிப்பின் உருவாக்கத்தை முன்னின்று நடத்தியவர். பிறகு அங்கிருந்து விலகி நெக்ஸ்ஜென் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியை ஏ.எம்.டி. வாங்கிவிட, அதன் டிசைன்தான் கே6 ஆனது. பெண்டியத்தின் தகப்பன் என்று பேர் வாங்கியவரே எதிர் முகாமில்!

இன்டெல் அவசர அவசரமாக செலரான் என்ற மலிவு விலைச் சிப்பை 1998 ஏப்ரலில் இறக்கியது. ஆனால் இரண்டாம் நிலை கேஷ் மெமரியை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு. அடிக்கடி தேவைப்படும் தகவல்களைச் சிப் தன் மடியிலேயே கட்டிவைத்துக்கொள்கிற இடம் அது. இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ராம் வரைக்கும் ஓடிவர வேண்டும். செலரான் ஓடியது. மூச்சிரைத்தது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன.

அவமானத்தில் இன்டெல் எதிர்ப்பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. இந்த முறை 128 கிலோபைட் கேஷ். அதுவும் சிப்புக்கு உள்ளேயே, சிப்பின் முழு வேகத்தில். விலை உயர்ந்த பெண்டியம் 2-விலோ 512 கிலோபைட் இருந்தாலும், அது சிப்புக்கு வெளியே பாதி வேகத்தில்தான் ஓடியது.

இளைஞர் பட்டாளம் ஒன்று இதைக் கண்டுபிடித்துவிட்டது. மதர்போர்டில் 66 மெகாஹெர்ட்ஸ் என்றிருக்கும் பஸ் வேகத்தை 100 என்று மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 450-ல் ஓடும். பெரும்பாலான சிப்கள் முனகாமல் ஓடின. அதே நாளில் இன்டெல் வெளியிட்ட பெண்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸின் விலை 669 டாலர். செலரான் 300ஏவின் விலை 149 டாலர். விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய சமம்!

இன்டெல் தர்மம் செய்ய நினைத்ததா? இல்லை. பயந்து போயிருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது உதாரணத்துக்கு, அடுத்த பத்து வருடங்களை வேகமாகத் தாண்டிப் போக வேண்டும். 2000 மார்ச் 6-ம் தேதி ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தை முதலில் அறிவித்தது ஏ.எம்.டி.யின் அத்லான். இன்டெல் இரண்டு நாள் பின்னால் வந்தது. பிறகு பெண்டியம் 4. மெகாஹெர்ட்ஸ் எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஆரம்ப பெண்டியம் 4, பல சோதனைகளில் பழைய பெண்டியம் 3-யிடமே தோற்றது. சூடு வேறு தாங்கவில்லை. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்காக இன்டெலின் தலைவர் கிரெய்க் பேரட், ஆர்லாண்டோவில் நடந்த ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். நிஜமாகவே மண்டியிட்டு.

தரத்தில் பின்தங்கிய காலத்தில் இன்டெல் வேறு வழியில் விளையாடியது என்று ஐரோப்பிய கமிஷன் சொன்னது. எல்லாச் சிப்பையும், அல்லது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் என்னிடமே வாங்கினால் தள்ளுபடி என்று கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களிடம் பேரம் பேசியதாகக் குற்றச்சாட்டு. 2009 மே மாதம் 106 கோடி யூரோ அபராதம். (பல வருட வழக்குக்குப் பிறகு அந்த அபராதத்தை 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.) 2009 நவம்பரில் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்துத் தனியே சமரசம் செய்துகொண்டது இன்டெல்.

அதற்குள் 2006-ல் கோர் 2 என்ற அற்புதமான சிப்பை இன்டெல் செய்துவிட்டிருந்தது. 2007 ஜனவரியில் நான்கு கோர் கொண்ட க்யூ6600-ன் விலை 851 டாலர். ஏ.எம்.டி.யின் நான்கு கோர் சிப் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட அதே வருடம் ஜூலையில் விலை என்ன தெரியுமா? 266 டாலர்.

வந்த ஏ.எம்.டி. சிப் சொதப்பியது. 2011-ல் வந்த புல்டோசர் இன்னும் மோசம். பங்காளி படுத்துவிட்டார்.

அப்புறம்? 2011-ல் நடுவாந்தர ஐ5-ல் நான்கு கோர். 2013-ல் நான்கு கோர். 2015-ல் நான்கு. 2017 ஜனவரியில் வந்த ஐ5 7500-லும் அதே நான்கு. விலை 192 டாலர். ஒவ்வொரு கோரும் வருடா வருடம் கொஞ்சம் வேகமானது, மின்சாரம் குறைவாகச் சாப்பிட்டது என்பதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் எண்ணிக்கை மட்டும் அசையவே இல்லை.

நடுவில் 2010-ல் ஒரு கூத்து. பெண்டியம் ஜி6951 என்ற சிப்பில் சில வசதிகளைப் பூட்டி விற்றார்கள். கடையில் 50 டாலருக்கு ஒரு அட்டை வாங்கி, அதிலுள்ள எண்ணைத் தட்டினால் பூட்டு திறக்கும். நீங்கள் வாங்கி வீட்டில் வைத்திருக்கும் பீரோவின் இரண்டாவது தட்டைத் திறக்கத் தனியாகக் காசு! எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே மூட்டை கட்டினார்கள். ஆனால் அப்படியொரு யோசனை எப்போது வரும்? எதிரே யாரும் இல்லாதபோதுதான் வரும்.

*

2014 அக்டோபரில் ஏ.எம்.டி.யின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் லிசா சூ. தைவானில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்த எஞ்சினியர். அடுத்த வருடம் ஏ.எம்.டி. பங்கின் விலை இரண்டு டாலருக்கும் கீழே கிடந்தது. கம்பெனி இருக்குமா, இருக்காதா என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற காசையெல்லாம் ஒரே டிசைனில் கொட்டினார்கள். ஸென் என்று பெயர்.

2017 மார்ச்சில் முதல் ரைஸன் வந்தது. எட்டு கோர் சிப்புக்கு இன்டெல் ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தபோது, ரைஸன் 7 1700-ன் விலை 329 டாலர். நமக்கு வேண்டியது அடுத்த மாதம் வந்தது. ரைஸன் 5 1600. ஆறு கோர். 219 டாலர்.

இன்டெலின் பதில்? அதே வருடம் அக்டோபரில் ஐ5 8400. ஆறு கோர். 182 டாலர்.

வருடக்கணக்கில் நகராத எண், ஆறே மாதத்தில் நகர்ந்தது! ஒரே வருடத்தில் ஜனவரியில் வாங்கியவருக்கு நான்கு, அக்டோபரில் வாங்கியவருக்கு ஆறு. விலையோ பத்து டாலர் குறைவு. ஆறு மாதத்தில் ஒரு புதிய விஞ்ஞானம் பிறந்துவிடவில்லை. எதிராளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதுதான் வித்தியாசம்.

ஆஹா, அப்படியானால் ஏ.எம்.டி.தான் நல்லவர், ஏழைப் பங்காளர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

2019-ல் ரைஸன் 5 3600, 199 டாலர். உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. 2020 நவம்பரில் ஏ.எம்.டி. இன்டெலைத் தெளிவாகவே முந்திவிட்டது. உடனே என்ன செய்தது? அந்தத் தலைமுறையில் அப்போது அறிமுகமான ஒரே ஆறு கோர் சிப்பான 5600எக்ஸின் விலை 299 டாலர். 200 டாலரில் கடைக்கு ஒரு புதிய சிப் வரும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்துகொண்டே இருந்தார்கள். ஒன்றரை வருடம்!

2022 ஜனவரியில் இன்டெல் 192 டாலரில் ஐ5 12400-ஐ இறக்கியது. நல்ல சிப். ஏப்ரல் மாதம் ஏ.எம்.டி.யிடமிருந்து ரைஸன் 5 5600 வந்தது. விலை? 199 டாலர்!

ஒன்றரை வருடம் முடியாத காரியம் மூன்று மாதத்தில் எப்படி முடிந்தது? நீங்களே சொல்லுங்கள்.

*

சரி, கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சரித்திரம் நமக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, எந்தக் கம்பெனிக்கும் ரசிகர் மன்றம் வைக்காதீர்கள். பயந்தவனிடம் வாங்குங்கள். யார் பயந்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? சுலபம். யாருடைய விலை சமீபத்தில் இறங்கியிருக்கிறது, யார் அதே விலைக்குக் கூடுதல் கோர் தருகிறார், யார் ஃபேனையும் சேர்த்துத் தருகிறார் என்று பாருங்கள். ஒருவர் புதிய சிப் வெளியிட்டால் ஓரிரு மாதம் பொறுத்துப் போங்கள். மற்றவரின் பதில் வந்திருக்கும்.

இரண்டாவது, பெட்டியில் உள்ள ஐந்து என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2017 ஜனவரியின் ஐ5-க்கும் அக்டோபரின் ஐ5-க்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தோம். அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணில்தான் தலைமுறை ஒளிந்திருக்கிறது. பழைய ஏழைவிடப் புதிய ஐந்து பல சமயம் மேல். பெயரின் கடைசி எழுத்தையும் படியுங்கள். 2019-லிருந்து இன்டெல் சிப்களில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் வேலை செய்யாது என்று அர்த்தம். விலை குறைவு என்று வாங்கிவந்து, தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் மானிட்டர் இருட்டாகவே இருக்கும். இதுவும் முடக்கி விற்கிற அதே பழைய வித்தைதான்.

மூன்றாவது, சிப்பின் விலையை மட்டும் பார்க்காமல் மதர்போர்டையும் ராமையும் கூட்டிப் பாருங்கள். 2017-ல் ஆறு கோர் ஐ5 8400 வந்தபோது, முந்தைய தலைமுறை போர்டில் அது வேலை செய்யவில்லை. இரண்டிலும் தொடுமுனைகளின் எண்ணிக்கை 1151-தான். இருந்தாலும் புதுப் போர்டு வாங்கத்தான் வேண்டும் என்றார்கள். எதிர்ப்பக்கத்தில், 2017-ல் ரைஸன் 1600 போட்ட பல போர்டுகளில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022-ன் 5600-ஐ மாட்ட முடிந்தது. ஐந்து வருடம் கழித்து ஒரு போர்டு காசு மிச்சம். அதனால் இந்தப் போர்டில் இதற்கு அடுத்த தலைமுறை சிப் உட்காருமா என்று கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, உச்சாணிக் கொம்பில் இருப்பதைப் பார்த்து ஏங்காதீர்கள். எதிராளியை முந்த வேண்டும் என்ற வெறியில் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்கிற இடம் அது. 2024-ல் இன்டெலின் 13, 14-வது தலைமுறைச் சிப்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பழுதாகின்றன என்று தெரியவந்தது. மேல்தட்டுச் சிப்களில்தான் புகார் அதிகம். சரிசெய்யும் மென்பொருளைக் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கொஞ்சம் போட்டோ, கொஞ்சம் வீடியோ, ராத்திரி ஒரு மணி நேரம் கேம் என்பவருக்கு நடுவாந்தரம் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல எஸ்.எஸ்.டி.யும் ஒரு நல்ல பவர் சப்ளையும் வாங்கலாம்.

ஆச்சா? கடைசியாக ஒன்று. ஐ.பி.எம். 1981-ல் நல்லெண்ணத்தால் இன்னொரு சப்ளையரைக் கேட்கவில்லை. தன் பிழைப்புக்காகக் கேட்டது. ஆனால் நாற்பது வருடங்களுக்குப் பிறகும் அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருப்பது நாம்தான். அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று என்றைக்காவது கடை அலமாரியிலிருந்து காணாமல் போனால், மிச்சமிருக்கும் பெட்டிக்குள் மறுபடியும் நான்கு கோர் காலம் ஆரம்பமாகிவிடும்.

எனவே, எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைக்கச் சொல்லி, இரண்டின் விலையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்கிற அந்த இரண்டாவது விலைதான், முதல் ஆளுக்கு நீங்கள் காட்டுகிற பூச்சாண்டி.